திருப்பாமல் விட்ட கசெட்

போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடிக்குப் போனேன். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை. மூன்றாம் மாடி. ஒரு அம்பிளிஃபையர் 'ம்ம்ம்' என்று இரைகிறதாம். வந்து பார்க்கச் சொன்னார்கள்.

வாராவாரம் இதை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும் — நான் மைக்காரன். கொட்டாஞ்சேனையில் நாற்பது வருடமாக ஸ்பீக்கர் கட்டுகிறேன். கோயில், கல்யாணம், கூட்டம், செத்த வீடு... எல்லாம். எனக்கு ராகம் தெரியாது. வயர் தெரியும்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுக்குக் கிட்ட வயது. மாஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். ஞாயிறு பின்னேரங்களில் அவர் வீட்டுக்கு இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் நிஸாம் நானா. புறக்கோட்டையில் புடவைக் கடை. மற்றவர் ஒரு டொக்டர் அம்மா. மேல் மாடியில் இருக்கிறார்.

மூவருக்கும் ஒரே வேலை. பழைய கச்சேரிப் பதிவுகளைப் போட்டுக் கேட்பது. பிறகு சண்டை பிடிப்பது.

ஒரே பாடகர். ஒரே பாட்டு. எந்த ஊர்க் கச்சேரியில் நன்றாகப் பாடினார்? இதற்கு ஒரு மணித்தியாலம் சண்டை.

"மாஸ்டர், சும்மா பேசாதீங்க. திருச்சிப் பதிவுலதான் மனுசன் தொண்டையத் தொறந்திருக்கார்."

"உமக்குத் திருச்சியிலை மாப்பிள்ளை எடுத்த மாதிரி எப்ப பாத்தாலும் திருச்சி, நானா."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ. ரெயின் வருது" என்றார் டொக்டர் அம்மா.

உடனே பாட்டை நிறுத்துகிறார்கள். கடலோரம் ரயில் தடதடவென்று போகிறது. கண்ணாடி அதிர்கிறது. போன பிறகு பாட்டை மீண்டும் போடுகிறார்கள். சண்டையையும் விட்ட இடத்தில் தொடங்குகிறார்கள்!

நான் அம்பிளிஃபையருக்குப் பின்னால் தரையில் இருந்தேன். பிளக்கில் எர்த் வயர் கழன்றிருந்தது. சின்ன வேலை. மாட்டினேன். இரைச்சல் நின்றது.

அப்போதுதான் நிஸாம் நானா சட்டைப் பையிலிருந்து ஒரு கசெட்டை எடுத்தார்.

"மாஸ்டர்... இது இருவதாவது."

மாஸ்டர் கையை நீட்டி வாங்கினார்.

விஷயம் இதுதான். முப்பது வருடத்துக்கு முந்திக் கொட்டாஞ்சேனையில் ஒரு கோயில் மண்டபத்தில் கச்சேரி. இந்தியாவிலிருந்து வந்த ஒரு பாடகர். தோடி ராகம் பாடியிருக்கிறார். அதன் கசெட் கையிலிருந்து கைக்குப் போய், கொப்பிக்கு மேல் கொப்பியாகி, உலகம் முழுக்கப் போயிருக்கிறது. மாஸ்டரிடம் மட்டும் பத்தொன்பது கொப்பி. லண்டனிலிருந்து ஒன்று, பாரிஸிலிருந்து ஒன்று, மட்டக்களப்பிலிருந்து இரண்டு...

எல்லாவற்றிலும் ஒரே குறை. ராகம் மேலே மேலே ஏறும். ஏறிக்கொண்டிருக்கும்போதே 'டக்'. முதல் பக்கம் முடிந்துவிடும். இரண்டாம் பக்கம் போட்டால் கீர்த்தனை பாதியிலிருந்து தொடங்கும். நடுவில் இருபது நிமிடமாவது காணவில்லை.

அந்த இருபது நிமிடத்தைத்தான் மாஸ்டர் இத்தனை வருடமாகத் தேடுகிறார். அடுத்த மாதம் கனடா போகிறார், மகளிடம். வீடு விற்றாயிற்று. இனி வருகிற போக்கு இல்லை.

இருபதாவது கசெட் ஜிந்துப்பிட்டியில் ஒரு வீடு மாறும்போது பெட்டிக்குள் கிடைத்ததாம். அந்த வீட்டுப் பெரியவர் முன்வரிசையில் இருந்து, மடியில் டேப் ரெக்கோடரை வைத்துத் தானே பதிவு செய்ததாகக் கேள்வி. அப்படியென்றால் அவர் வேறு இடத்தில் திருப்பியிருப்பார். காணாமல் போன துண்டு இதில் இருக்கும்.

போட்டார்கள்.

இரண்டாவது நிமிடம் ஒரு இருமல். டொக்டர் அம்மா மெல்லச் சொன்னார். "மாஸ்டர்... அதே இருமல். இதுவும் மைக்கிலையிருந்து எடுத்த கொப்பிதான்."

"பொறும் பிள்ளை."

"மடியிலை வைச்சு எடுத்ததெண்டால் குரல் இவ்வளவு கிட்டக் கேக்காது."

"பொறும் எண்டு சொன்னனான்."

பொறுத்தார்கள். முக்கால் மணித்தியாலம். நடுவில் இரண்டு ரயில் போனது. நிறுத்தவில்லை. யாரும் சண்டை பிடிக்கவில்லை. என் வேலை முடிந்துவிட்டது... ஆனால் நான் எழும்பவில்லை. எழும்ப முடியவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தோடி ஏறியது. இன்னும் ஏறியது. மாஸ்டர் கதிரை நுனிக்கு வந்துவிட்டார்.

டக்.

அதே இடம்.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேலை ஏறின மனுசன் இன்னும் இறங்கேல்லை" என்றார். சிரித்த மாதிரிதான் சொன்னார். சிரிப்பு அல்ல.

"எவனோ ஒரு மடையன் ரெக்கோட் பண்ணியிருக்கான்" என்றார் நிஸாம் நானா. "தூங்கியிருப்பான்."

"சிகரெட் பத்தப் போயிருப்பான்" என்றார் டொக்டர் அம்மா.

மாஸ்டர் யாரையும் ஏசவில்லை. வேறொன்று சொன்னார்.

"அந்த நேரம் நான் யாழ்ப்பாணத்திலை. யுத்தம். பாதை பூட்டு. கரண்ட் இல்லை. இந்தக் கசெட் ஆரோ ஒளிச்சுக் கொண்டுவந்து தந்தது. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவிலை வயரைப் பூட்டி, பெடலைக் கையாலை சுத்திச் சுத்தித்தான் கேட்டனான். இந்த இடம் வந்து நிண்டுது. நான் நினைச்சன், என்ரை கைதான் தளர்ந்திட்டுது எண்டு. இன்னும் வேகமாச் சுத்தினன்..."

கண்ணாடியைத் திரும்பப் போட்டார். பிறகு சொன்னார். "கன நேரம் சுத்தினன்."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. டெஸ்டரைக் கீழே வைத்தேன்.

"சேர்... அந்த மடையன் நான்தான்."

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்பிளிஃபையருக்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பதையே அப்போதுதான் கண்டது போல.

"என்ன சொன்னீர்?" என்றார் மாஸ்டர்.

"அண்டைக்கு மைக் என்னோடது. கசெட்டும் நான்தான் போட்டேன். திருப்ப மறந்திட்டேன்."

டொக்டர் அம்மா கோபமாகப் பார்த்தார். மாஸ்டர் மட்டும் அமைதியாகக் கேட்டார்.

"நித்திரையோ தம்பி?"

"இல்ல சேர்."

"சிகரெட்டோ?"

"பழக்கமில்ல சேர்."

"அப்ப?"

எப்படிச் சொல்வது? மைக்காரன் பாட்டுக் கேட்பதில்லை. ஊளை வருகிறதா, இரைச்சல் வருகிறதா, வயர் சூடாகிறதா — இதைத்தான் கேட்பான். எத்தனையோ பெரிய ஆட்களுக்கு மைக் வைத்திருக்கிறேன். என்ன பாடினார்கள் என்று கேட்டால் தெரியாது. கசெட் திருப்புவதில் ஒரு நாளும் பிழைவிட்டதில்லை. நாற்பதாவது நிமிடத்திலிருந்து மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்குவேன். கை தட்டுகிற இடமாகப் பார்த்துத் திருப்புவேன்.

அன்றைக்கு அந்த ராகம் தொடங்கும்போது யாரோ கையில் ஒரு கப் டீ தந்தார்கள். பால் டீ. கையில் பிடித்திருந்தேன். அது ஞாபகம் இருக்கிறது. பாடகர் கொஞ்சம் முகத்தைத் திருப்பினார், மைக்கை விட்டு விலகினார். சத்தத்தைக் கூட்ட வேண்டும். கூட்டவில்லை. அதுவும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு...

"கேட்டுக்கிட்டு இருந்தேன் சேர்."

மாஸ்டர் என்னையே பார்த்தார்.

"மேலை ஏறினவர்... எப்பிடி இறங்கினவர்?"

"எனக்கு ராகம் தெரியாது சேர்."

"தெரிய வேண்டாம். நீர் கேட்டனீர்தானே? தெரிஞ்சதைச் சொல்லும்."

யோசித்தேன். நிறைய யோசித்தேன். முப்பது வருடமாகத் தேடுகிற மனிதர். என்னிடம் இருப்பதை ஒளிக்காமல் கொடுக்க வேண்டும். என்னிடம் இருந்தது இவ்வளவுதான்.

"சனம் கை தட்டினப்ப குனிஞ்சு பார்த்தேன் சேர். டீ ஆறிப்போயிருந்தது. மேல ஆடை புடிச்சிருந்தது. ஒரு வாய்கூடக் குடிக்கல்ல."

மாஸ்டர் கண்ணை மூடினார்.

"ஒரு வாய்கூட?"

"ஒரு வாய்கூட இல்ல சேர்."

நான் ஏச்சு விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். விழவில்லை. மாஸ்டர் தலையை மெல்ல மெல்ல ஆட்டினார் — நல்ல சங்கதி விழுந்தால் ரசிகர்கள் ஆட்டுவார்களே, அப்படி. டொக்டர் அம்மா என் பக்கம் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். "அதிலை இருங்கோ" என்றார். நிஸாம் நானா, "மாஸ்டர், திருச்சில எந்த மைக்காரனும் டீய ஆறவிடல்ல... அத நான் ஒத்துக்கொள்றேன்" என்றார்.

இந்த மனிதர்கள் வேறு மாதிரி. ஒரு பதிவில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இல்லாததை இவ்வளவு கவனமாகக் கேட்கிறவர்களை இப்போதுதான் பார்க்கிறேன்.

"கடைசி அஞ்சு நிமிசத்தை இன்னொருக்காப் போடும் தம்பி" என்றார் மாஸ்டர்.

கசெட்டைப் பின்னால் ஓட்டிப் போட்டேன். டொக்டர் அம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். தோடி ஏறியது. இரைச்சல் இல்லை. என் எர்த் வயர் நன்றாக வேலை செய்தது.

டக்.

நான் எழும்பினேன். இந்தத் தடவையாவது நேரத்துக்குத் திருப்ப வேண்டும் அல்லவா?

மாஸ்டர் இடது கையைத் தூக்கி என்னை மறித்தார். கண் மூடியபடி இருந்தது. அவருடைய வலது கையைப் பார்த்தேன். கதிரைக்குப் பக்கத்தில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பெடல் சுற்றுவது போல. ஒரே வேகத்தில். தளராமல்.

பாட்டு நின்றுவிட்டது. கை நிற்கவில்லை.

நான் இருந்துவிட்டேன். ஒரு ரயில் போனது. யாரும் அசையவில்லை.

கன நேரத்துக்குப் பிறகு நிஸாம் நானாதான் மெல்லச் சொன்னார். "மாஸ்டர்... டீ ஆறுது."

மாஸ்டர் கண்ணைத் திறக்கவில்லை.

"ஆறட்டும்."