உருத்திரபுரத்திலிருந்து வவுனியாவுக்கு ஓர் இரத்தப் பரிசோதனைப் பயணம்

ஏ9 வழியாகக் கிளிநொச்சியிலிருந்து வவுனியா போக எவ்வளவு நேரம் என்று போன மாதம் ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். ஏசி வானில் ஒன்றேகால் மணித்தியாலம், தம்பி. 1996 பங்குனியில், சண்டைக் காலத்தில், எங்களுக்குப் பதினொரு மணித்தியாலம் பிடித்தது. அந்தப் பயணத்தைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். படம் ஒன்றும் இல்லை, தேடாதீர்கள்.

போனது மூன்று பேர்: நான், என் தங்கை ராணி, அவளுடைய ஐந்து மாதக் குழந்தை வதனி. ராணியின் கணவர் பாலன் இறந்து நான்கு மாதமாகியிருந்தது. எலும்பும் தோலுமாக இருமி இருமிச் செத்தவர். சயரோகம் என்றுதான் ஊர் சொன்னது, நாங்களும் அப்படியே நம்பினோம். பிறகு ஒருநாள் ராணி அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அவருடைய சேட்டுகளுக்கு அடியில் மடித்த கடதாசி ஒன்று கிடைத்தது. மனிதன் இரண்டாம் முறை வெளிநாடு போகக் கொழும்பில் மருத்துவப் பரிசோதனை செய்திருக்கிறார். இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. பாவி, ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கும் அவர்மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை.

ராணி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அக்கா, எனக்கும் இருந்தா இவளுக்குப் பால் குடுக்கலாமோ?" அதற்கு மறுமொழி சொல்லக் கிளிநொச்சியில் வசதி இல்லை. இரத்தம் எடுக்க வவுனியா போகவேண்டும், போகப் பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும், பாஸ் எடுக்கக் காரணம் வேண்டும்.

காரணத்தைக் கிராம சேவகர் கடிதத்தில் எழுதுவார். அந்தக் கடிதத்தை இந்தப் பக்கம் இயக்கத்தின் இரண்டு மேசை வாசிக்கும், அந்தப் பக்கம் இராணுவத்தின் மூன்று மேசை வாசிக்கும். வரிசையில் பின்னால் நிற்கிற சனமும் எட்டிப் பார்க்கும். எச்.ஐ.வி. என்று எழுதிக்கொண்டு திரும்பி வந்து ஊரில் குடியிருக்க முடியுமா? "பாலனுக்குச் சயரோகம்தானே. இவளுக்கும் அதெண்டு எழுதுங்கோ ஐயா" என்று நான்தான் சொன்னேன். ஐயாவும் எழுதிவிட்டார். கெட்டித்தனம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டோம். எங்கள் ஊரான உருத்திரபுரத்திலிருந்து கிளிநொச்சி சந்தி வரை சைக்கிளில். அங்கிருந்து ஓமந்தை வரை அறுபத்தைந்து கிலோமீற்றர் அளவு, மண்ணெண்ணெயில் ஓடுகிற வான், தலைக்கு நூற்றைம்பது ரூபா. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த சனம் றோட்டோரமெல்லாம் தறப்பாள் கட்டிக் குந்தியிருந்தது. கிணறுகளுக்கு முன்னால் வாளி வரிசை.

"அக்கா, பிள்ளையை முன் சீற்றுக்குத் தாங்கோ, பின்னுக்குப் புகை" என்றார் சாரதி. ராணி கொடுக்கவில்லை. வழி முழுக்கச் சேலைத் தலைப்பால் மூடி, வதனி அழுதால் பால், அழாவிட்டாலும் பால். ஒவ்வொரு முறையும் நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஓமந்தைக்கு அப்பால் தாண்டிக்குளம் வரை நடையும் வாடகைச் சைக்கிளும். அங்கே இராணுவம் பொதியைக் கொட்டிச் சோதித்து, வியாழன் மத்தியானத்துக்குள் திரும்பவேண்டும் என்று பாஸ் தந்தார்கள். வவுனியாவில் தெரிந்த வீட்டுக்குள் நுழையும்போது பின்னேரம் நாலு மணி.

செவ்வாய் காலை ஆஸ்பத்திரியில் "என்ன வருத்தம்?" என்று கேட்டார்கள். எங்களுக்குப் பின்னால் கிளிநொச்சிச் சனம் நாலைந்து பேர். பாஸில் இருந்ததைச் சொன்னேன். நேரே சளிப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு சிறு போத்தல் தந்து, மறுநாளும் சளி கொண்டு வரச் சொன்னார்கள். இருமலே இல்லாத பெண், தொண்டையைக் காறிக் காறிக் கண் சிவந்து நின்றாள். "உண்மையைச் சொல்லுவம் அக்கா" என்று இரண்டு தரம் கேட்டாள். "வாயை மூடு" என்றேன்.

புதன்கிழமை டொக்டர் தனியாக இருந்த ஒரு கணத்தில், என்னை முந்திக்கொண்டு ராணியே அந்தக் கடதாசியை மேசையில் வைத்துவிட்டாள்.

டொக்டர் வாசித்தார். கதவைச் சாத்தினார். "ஏன் நேற்றுச் சொல்லேல்லை? இந்த இரத்தம் கொழும்புக்குத்தான் போகவேணும். இரத்தப் பெட்டி செவ்வாய்க்கிழமையில மட்டும்தான் போறது. இனி அடுத்த கிழமைதான்."

இரத்தம் எடுத்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆறுதலாகக் கதைத்தார். "ஒரே கோப்பையில குடிச்சாலோ, ஒரே பாயில படுத்தாலோ தொத்தாது. இரத்தம், உடலுறவு, தாயிட்ட இருந்து பிள்ளைக்கு, இவ்வளவுதான் வழி. புருசனுக்கு இருந்தா மனிசிக்கும் கட்டாயம் இருக்கும் எண்டில்லை. தாய்க்கு இருந்தாலும் பாலால எல்லாப் பிள்ளைக்கும் போறேல்லை. உங்கட பக்கம் தண்ணி மோசம். மறுமொழி வருமட்டும் பாலை நிப்பாட்டாதேங்கோ."

"இருந்தா மருந்து இருக்கோ டொக்டர்?"

"வெளிநாட்டில வருது எண்டு வாசிக்கிறன். இஞ்ச என்னட்ட இல்லை அம்மா."

இந்த இடத்தில் நிறுத்தி, இப்போது வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இன்றைக்கு மருந்து இருக்கிறது. அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இலவசம், நாளாந்தம் ஒழுங்காகக் குடிக்கவேண்டும். குடித்தால் கிருமி இரத்தத்தில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கும். அந்த நிலையில் உடலுறவால் மற்றவருக்குப் போகாது, ஆளும் நெடுங்காலம் வாழலாம். கர்ப்பத்திலேயே தொடங்கினால் பெரும்பாலும் கிருமி இல்லாத பிள்ளை பிறக்கும். ஆணுறை காக்கும். ஆபத்தான தொடர்பு நடந்துவிட்டதென்றால் எழுபத்திரண்டு மணித்தியாலத்துக்குள் ஓடிப்போய்த் தடுப்பு மருந்து கேளுங்கள். கிருமி உள்ளே போன கையோடு பரிசோதனையில் தெரியாது என்பதால், மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் பாருங்கள்.

வியாழன் திரும்பிவிட்டோம். டொக்டர் சொன்ன அத்தனையிலும் எனக்கு 'பால்' என்ற சொல் மட்டும்தான் மண்டையில் நின்றது. வீட்டுக்குள் வந்ததும் வராததுமாகப் பிள்ளையை வாங்கிக்கொண்டேன். "மறுமொழி வரட்டும். அதுவரைக்கும் புட்டிப்பால்" என்றேன்.

"டொக்டர் குடுக்கச் சொன்னவர் அக்கா."

"அவற்ற பிள்ளையே குடிக்கிறது?"

பால்மா ஒரு பெட்டி சந்தையில் தேடிப் பிடித்தேன். தண்ணீரைக் கொதிக்க வைத்தேன்தான். ஆனால் விறகு ஈரமான நாளில் வெறும் சூடு காட்டி இறக்கியதும் உண்டு, பொய் சொல்ல மாட்டேன். ராணி குசினிக்குள் போய்ப் பாலைப் பிழிந்து அடுப்புச் சாம்பலில் ஊற்றுவாள். பிள்ளை மணத்துக்கு அவளைப் பார்த்து வீரிடும். நான் தூக்கிக்கொண்டு வெளியே போவேன்.

மூன்றாம் கிழமை சனிக்கிழமை வயிற்றோட்டம் தொடங்கியது. கிளிநொச்சி ஆஸ்பத்திரி விறாந்தை முழுக்க அதே வருத்தத்தோடு பிள்ளைகள். சேலைன் ஏற்றினார்கள். திங்கட்கிழமை காலை வதனி செத்துப்போனாள்.

வியாழக்கிழமை, வவுனியாவிலிருந்து வந்த ஒரு தாதி ஒட்டிய உறையைக் கொண்டுவந்து தந்தார். ராணியின் இரத்தத்தில் கிருமி இல்லை. பாலன் செத்துக் காலமும் போதுமான அளவு கடந்துவிட்டதால் இதுவே முடிந்த முடிவு என்று டொக்டர் தன் கையால் எழுதியிருந்தார். முதல் செவ்வாயே இரத்தம் கொடுத்திருந்தால் இந்த உறை ஒரு கிழமை முந்தி வந்திருக்கும். அப்போது வயிற்றோட்டம் தொடங்கவேயில்லை. அந்தக் கிழமையைத் தின்றது போரும் இல்லை, பாஸும் இல்லை. என்னுடைய வாய்.

ஆகவே போகிறவர்களுக்கு என் புத்திமதி இவ்வளவுதான். காலை வேளையில் போங்கள். பழைய கடதாசி எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன வருத்தம் என்று கேட்டால், பின்னால் யார் நின்றாலும், அந்த வருத்தத்தின் பெயரையே சொல்லுங்கள். கூட்டிக்கொண்டு போகிறவர் நீங்களென்றால், நோயாளியின் வாயைப் பொத்தாதீர்கள். டொக்டர் சொல்வதை முழுதாகக் கேளுங்கள்.

அன்றைக்கு அந்த உறையை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள் ராணி. அழவில்லை, என்னை ஏசவுமில்லை. சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது, பால் இன்னும் வற்றவில்லை.

"அப்ப என்ர பால் நல்ல பால்தானே, அக்கா?" என்று கேட்டாள்.