முறை வைத்து ஓடும் வெப்சைட்

காசில்லாமல் கிடைக்கும் மென்பொருளைக் கொண்டு சிறு வியாபாரிகளுக்கு வெப்சைட் அமைத்துத் தருவது என் தொழில். மென்பொருளை ஏற்ற அரை மணி நேரம் போதும். முதல் பக்கத்தில் யார் போன் எண் வருவது என்பதற்குத்தான் வருஷக்கணக்காகும். இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்கள் தலையாட்டுவது தெரிகிறது. ஆனால் மொரப்பூர் பக்கத்து மாஞ்செடி நர்சரியில் எனக்கு வாய்த்தது உங்களுக்கு வாய்த்திருக்காது.

யாருக்கும் சொந்தமில்லாதது

நர்சரி மாதையன், பச்சியப்பன் என்ற அண்ணன் தம்பிக்குச் சொந்தம். முதல் நாள் இருவரும் ஒட்டுச்செடி வரிசைக்கு முன்னால் தோளோடு தோள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இந்த மென்பொருள் எந்தக் கம்பெனிக்கும் தனிச் சொந்தமில்லை, பல ஊர்க்காரர்கள் சேர்ந்து எழுதியது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விளக்கினேன். அண்ணன் மாதையன் சிரிக்காமல் கேட்டார்:

"அத்தன பேரு சேர்ந்து செஞ்சும் பாகம் கேட்டு யாரும் வரலீங்களா?"

பாகம்

ஒன்றரை வருஷத்தில் அவர்களே பாகம் பிரித்துக்கொண்டார்கள். எதற்குச் சண்டை என்று நான் கேட்கவில்லை. நிலத்தின் நடுவே வேலி வந்தது, செடிகளை எண்ணிப் பிரித்தார்கள், பேச்சும் நின்றுபோனது. கிணறு ஒன்றுதான் என்பதால் அதில் ஆளுக்கொரு நாள் முறை.

மிச்சம் இருந்தது வெப்சைட். தனித்தனியாகப் போட்டுத் தருகிறேன் என்றேன். பெங்களூர், சித்தூர் வரை தெரிந்த நர்சரிப் பெயரை இருவரும் விடத் தயாரில்லை. இரண்டு எண்ணையும் போடலாம் என்றால், எது மேலே? மேலே இருப்பதைத்தான் ஜனங்கள் அழைப்பார்கள். கடைசியில் தம்பி பச்சியப்பன்தான் வழி சொன்னார்:

"கெணத்துல எப்படியோ இதுலயும் அப்படியே மொற வெச்சிடுங்க மேடம். ஒரு நாளு அவரு, ஒரு நாளு நானு."

முப்பத்தொன்றாம் தேதி

கிணற்று முறை மாறுவது காலை ஆறு மணிக்கு. அதே நேரத்தில் முதல் பக்கத்து எண்ணும் மாறும்படி எழுதி வைத்தேன். ஒற்றைப்படைத் தேதி அண்ணனுக்கு, இரட்டைப்படை தம்பிக்கு. முப்பத்தொன்றும் ஒற்றைப்படை, மறுநாள் ஒன்றாம் தேதியும் ஒற்றைப்படை என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. தொடர்ந்து இரண்டு நாள் அண்ணன் எண்ணே நின்றதும், தம்பி கடத்தூரில் என் அறைக்கே வந்துவிட்டார்.

"தேதிய பாத்தாங்க மேடம் தண்ணி கட்டறோம்? நேத்து அவரு கட்டுனா இன்னைக்கி நானுங்க, அவ்வளவுதான்."

எடுக்க ஆளில்லாத போன்

மழை பெய்து நடவு தொடங்கிய சமயம், பச்சியப்பனுக்கு நெஞ்சுவலி. சேலத்தில் ஆபரேஷன். மனைவியும் கூடவே இருந்தார். தம்பி முறை நாட்களில் போன் அடித்து அடித்து ஓயும். செடி விற்பதே அந்த இரண்டு மாசம்தான். விற்காத செடி பையிலேயே வேர் சுருண்டு வீணாகும். அவர்கள் பிழைப்பே போய்விடும் என்று எனக்குப் பயம். அண்ணனை அழைத்து, தம்பி தேறி வரும்வரை எல்லா நாளும் உங்கள் எண்ணையே காட்டட்டுமா என்றேன்.

"வேண்டாங்க. அவன் மொறையில நான் ஒரு நாளும் தண்ணி கட்டுனதில்ல."

தம்பி எண்

இப்போதுகூட வீம்பா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் இரண்டு நாள் கழித்து, தம்பி முறையன்று, மனசு கேட்காமல் அவர் எண்ணை அழைத்துப் பார்த்தேன். உடனே எடுத்தார்கள். மாதையன் குரல்! முதல் பஸ்ஸில் சேலம் போய், தம்பி மனைவியிடம் அந்தப் போனை வாங்கி வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தம்பியின் செடிகளை விற்றுக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் யாரென்று சொல்வதற்குள் அவரே பேசிவிட்டார். அவரைத் தப்பாக நினைத்ததற்கு எனக்கு அழுகை வந்தது.

"பச்சியப்பன் நர்சரிதானுங்க. நான் அவன் அண்ணன் பேசறேன். எத்தன செடி வேணும்?"

பச்சியப்பன் தேறி வந்துவிட்டார், வேலி அப்படியே இருக்கிறது, எண்ணும் தினம் ஆறு மணிக்குத் தவறாமல் மாறுகிறது. எந்த எண்ணை யார் எடுப்பார் என்பதுதான் இப்போது என் மென்பொருளுக்கும் தெரியாது.