ஒற்றைக் கண்ணால் ஆப்டோமெட்ரி படித்த அக்கா

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிவிட்டது. இன்று வந்திருந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. அது தெரிந்துதான் அக்காவின் கணவரான எங்கள் மாமா, "பேச வேணாம் மச்சான், எழுதிக் குடுத்துடு" என்றார். பத்தாம் வகுப்போடு லேத் பட்டறைக்குப் போனவன் எழுதியது இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா குத்தம்பாக்கத்தில் பிறந்தார். அப்பா நெல்லும் கீரையும் பயிரிட்டவர். அக்கா திருமழிசையில் படித்து, பிளஸ் டூவில் அறிவியல் பிரிவில் நல்ல மதிப்பெண் எடுத்தார். அந்த வருடமே அப்பா தவறிவிட்டதால் வீட்டில் மேற்படிப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை. பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். மாங்காட்டில் வாழ்க்கைப்பட்டு, மகள் பிறந்த பிறகும் அதே கடைக்குத்தான் போய்வந்தார்.

கடையில் அக்காவுக்கு ஃபிரேம் எடுத்துக் காட்டும் வேலை. வருகிறவர்கள் அவரிடம்தான் கேட்பார்கள். "இந்தக் கண்ணாடி போட்டா படிக்கட்டு மேல வர்ற மாதிரி கீதும்மா, ஏன்?" முதலாளி உடனே, "நீ ஃபிரேமக் காட்டும்மா. மத்தத சாயங்காலம் டெஸ்ட் பண்றவரு வந்து சொல்வாரு" என்பார். அக்கா வாயை மூடிக்கொண்டு வந்து, அதே கேள்வியை வீட்டில் எங்களிடம் கேட்பார். "படிக்கட்டு ஏன்டா மேல வருது?" எனக்கு இரும்பைக் கடையத் தெரியும். படிக்கட்டைப் பற்றி என்ன தெரியும்?

சாயங்காலம் வந்து பார்வை சோதிக்கும் அந்த நண்பர்தான் வழி சொன்னார். ஆப்டோமெட்ரி என்று ஒரு பட்டப் படிப்பு இருக்கிறது, மூன்று வருடம் கல்லூரி, ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் பயிற்சி என்றார். அக்காவுக்கு அப்போது முப்பது வயது தாண்டியிருந்தது. மகள் நாலாம் வகுப்பு.

அம்மா கோபப்பட்டார். "புள்ளைய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பற வயசுல உனக்கு இன்னாடி காலேஜு?" மாமா என்னைப் பார்த்து, "மச்சான், உங்க அக்கா பேக்கு மாட்டிகினு கெளம்புதாம். நானும் எல்.கே.ஜி.ல சேர்ந்துடவா?" என்றார். வீடே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "நீங்க சேருங்க, நான் டிபன் கட்டித் தரேன்" என்று மட்டும் சொன்னார். கிண்டல் செய்த மாமாதான் அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு, சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு கூடவே போய்ச் சேர்த்துவிட்டு வந்தார். அந்த நாலு வருடமும் காலையில் மகளுக்குத் தலை பின்னிவிட்டதும் அவர்தான். முதல் மாதம் அந்தப் பின்னலைப் பார்த்துத் தெருவே சிரித்தது. பிறகு நன்றாகவே பின்னினார்.

"கண் டாக்டருக்காம்மா படிக்கிற?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அக்கா சலிக்காமல் பதில் சொல்வார். "டாக்டர் இல்லம்மா. பார்வைய சோதிச்சு கண்ணாடி எழுதறது, கண்ணுல நோய் கீதான்னு பார்த்து டாக்டர்கிட்ட அனுப்பறது. ஆபரேஷன்லாம் அவங்க வேலை."

கல்லூரிக்குப் போகும் நெடுஞ்சாலையில் அப்போது மெட்ரோ தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. தூசியிலும் நெரிசலிலும் பஸ்ஸில் நின்றுகொண்டே படிப்பார். வகுப்பில் எல்லோரும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள். முதலில் அக்காவை ஆன்ட்டி என்று கூப்பிட்டார்கள். ஆங்கிலப் புத்தகத்தில் புரியாததை விளக்கிச் சொன்னது நிவேதா என்ற பெண். திருநெல்வேலிப் பக்கமிருந்து குடிவந்து, அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் குடும்பம். அக்காவின் கீரைக் கடையலுக்கு நிவேதா அடிமை. ஆன்ட்டியை அக்கா ஆக்கியதும் அவர்தான்.

இரண்டாம் வருடம், மாணவர்கள் ஒருவர் கண்ணை ஒருவர் சோதித்துப் பழகும் வகுப்பு தொடங்கியது. ஒரு நாள் பெரிய ஈ ஒன்றின் படத்தை மேசையில் வைத்தார்கள். அதற்கென்று உள்ள கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால், இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கிறவர்களுக்கு ஈ தாளைவிட்டு எழும்பி நிற்பது போலத் தெரியுமாம். அதன் இறக்கையை விரலால் பிடிக்கச் சொல்வார்கள். பிள்ளைகள் எல்லோரும் வெறும் காற்றைக் கிள்ளிவிட்டு, கூச்சல் போட்டுச் சிரித்தார்கள். அக்கா குனிந்து தாளைக் கிள்ளினார்.

"அய்யோ அக்கா, மேல நிக்குல்லா, றெக்கையப் பிடிங்க!" என்றார் நிவேதா.

"எங்க நிக்குது? பேப்பர்ல தானே கீது."

விளையாடுகிறார் என்று எல்லோரும் சிரித்தார்கள். நிவேதா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, அக்காவின் வலக்கண்ணை மூடி, சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். மேலே இருந்த பெரிய எழுத்து மட்டும்தான் தெரிந்தது. அதற்குக் கீழே எல்லாம் புகை.

அன்று அக்கா வீட்டுக்குப் போகவில்லை. பஸ் மாறி, அம்பத்தூரில் என் பட்டறை வாசலுக்கு வந்து நின்றார்.

"டேய், எனக்கு ஒரு கண்ணு வேலையே செய்யலடா."

"இன்னாக்கா ஒளர்ற? பஸ் வளையிறதுக்குள்ள நம்பரப் படிக்கிறவ நீ."

"அது சோத்துக் கண்ணு படிச்சதுடா. பீச்சாங்கண்ணு இத்தினி வருசமா சும்மா கீது."

சோம்பேறிக் கண் என்று அதைச் சொல்கிறார்கள். அக்காவின் இடக்கண்ணில் பிறவியிலேயே பவர் அதிகம். அதன் படம் மங்கலாக வந்ததால் மூளை அதைப் பொருட்படுத்தாமல் வலக்கண்ணையே நம்பிப் பழகிவிட்டது. சின்ன வயதிலேயே கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டுத்துணியால் மூடி வைத்திருந்தால் இடக்கண் பழகியிருக்கும். பள்ளியில் சோதனை நடக்கத்தான் செய்தது. ஆனால் வரிசையில் முன்னால் நின்ற பெண்கள் படித்ததைக் கேட்டுக் கேட்டு எழுத்தெல்லாம் அக்காவுக்கு மனப்பாடம். இடக்கண்ணின் முறை வந்தபோது கடகடவென்று ஒப்பித்துவிட்டு வந்தாராம். ஏமாற்ற நினைத்தல்ல, அப்படித்தான் சொல்லவேண்டும் என்று நினைத்து.

அந்த வார இறுதியில் துறையின் மூத்த ஆசிரியை, எல்லோரும் மேடம் என்று அழைப்பவர், அக்காவைக் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் கருவியில் ஆழம் தெரிய இரண்டு கண்ணும் வேண்டும், இந்தக் குறையோடு பின்னால் சிரமப்படுவீர்கள், கண்ணாடி தயாரிக்கும் டிப்ளமோவுக்கு இப்போதே மாறிவிடலாமே என்றார். மாறினால் படிப்பு சீக்கிரம் முடியும், பழைய கடையிலேயே வேலையும் இருக்கும். ஆனால் யார் கண்ணையும் சோதிக்க முடியாது.

அம்மா, "கடவுளே வேணாம்னு சொல்றாரு, வுட்டுடு" என்றார்.

"கடவுள் ஒண்ணும் சொல்லலம்மா. ஒரு ஈ சொல்லிச்சு. பரீட்சை இன்னும் வரல."

அக்கா மேடத்திடம் போய், மூன்றாம் வருடச் செய்முறைத் தேர்வு வரை நேரம் கேட்டார். தேறாவிட்டால் தானே விலகிக்கொள்வதாகச் சொன்னார். மேடம், "அப்போ வகுப்பு முடிஞ்சு தினமும் இருந்து பழகணும், சம்மதமா?" என்று கேட்டார்.

அப்படித்தான் பழகினார். ஸ்லிட் லேம்பில் நாம் தாடையை வைத்து நெற்றியை ஒட்டிக்கொண்டால், மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று கண்மேல் விழும். அந்தக் கீற்று, கண்ணின் முன்னால் கண்ணாடி போல இருக்கும் கருவிழியைக் கடக்கும்போது கத்தியால் வெட்டிய துண்டு போலத் தெரியுமாம். ஒரு தழும்பு அந்தத் துண்டின் எந்தப் பகுதியில் இருக்கிறது, கருவியை முன்னும் பின்னும் நகர்த்தினால் எது முதலில் தெளிகிறது, இவற்றை வைத்து ஒற்றைக் கண்ணாலும் ஆழத்தைக் கணிக்கலாம் என்று மேடம் காட்டிக்கொடுத்தார். ஆனால் மற்றவர்கள் ஒரு பார்வையில் சொல்வதை அக்கா பலமுறை பார்த்துத்தான் சொல்ல முடியும். என் கண்ணில் இரும்புத்தூள் பட்டு ஆறிய தழும்பு ஒன்று உண்டு. சனிக்கிழமைகளில் என்னை இழுத்துப் போய் உட்கார வைத்துவிடுவார். "பட்டறையில நீ கண்ணாடி போடாம வேலை செஞ்சதுல லாபம் எனக்கு மட்டும்தான்டா" என்பார்.

தேர்வுக்கு ஒவ்வொரு மாணவரும் ஓர் உறவினரை அழைத்துவர வேண்டும். ஆனால் தங்கள் ஆள் தங்களுக்கு வரமாட்டார், மாற்றிவிடுவார்கள். நான் ஒரு சின்னப் பெண்ணிடம் மாட்டினேன். "தாடைய இதுல வைங்க அங்கிள்" என்று சொன்ன குரலே நடுங்கியது. அடுத்த மேசையில் அக்காவுக்கு முன்னால் யாரோ ஒருவரின் அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணில் வெள்ளைத் தழும்பு.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அக்காவின் பின்னால் நின்றார். அக்கா கருவியை நகர்த்திக்கொண்டே இருந்தார்.

"சீக்கிரம்மா. இன்னும் எத்தனை பேர் நிக்கிறாங்க பாருங்க."

அக்கா தலையைத் தூக்கவில்லை. "சார், எனக்கு ஒரு கண்ணுதான் வேலை செய்யுது. நகர்த்திப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தப்பா சொல்றதுக்கு லேட்டா சொல்லிடறேன்."

தேர்வாளர் மேடத்தைப் பார்த்தார். மேடம் ஆமாம் என்று தலையசைத்தார். நான் தாடையைக் கருவியில் வைத்தபடியே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தழும்பு மேலோட நிக்கல சார். கருவிழியோட பாதி ஆழம் போயிருக்கு. பின்பக்கத்தத் தொடல."

தேர்வாளர் அக்காவை எழச்சொல்லி, தானே உட்கார்ந்து பார்த்தார். பிறகு எழுந்து, "சரியா இருக்கு. அடுத்தவங்கள வரச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். அக்கா வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவினார், வெகு நேரம் கழுவினார். நான் பக்கத்தில் நின்றேன்.

பயிற்சி வருடம் முடிந்து, பூந்தமல்லியில் ஒரு கண் மருத்துவமனையில் அக்கா வேலைக்குச் சேர்ந்தார். கண்ணில் குத்திய துகளை எடுப்பது போன்ற வேலையை அவர் தொட்டதில்லை, உடனே டாக்டரிடம் அனுப்பிவிடுவார். தன்னால் ஆகாததை ஆகாது என்று சொல்ல அவர் வெட்கப்பட்டதே இல்லை. விடுப்பு நாட்களில் நிவேதாவோடு குத்தம்பாக்கம், திருமழிசைப் பக்கத்துப் பள்ளிகளுக்குப் போவார். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தவே மாட்டார். ஒருவர் உள்ளே, மற்றவர்கள் வெளியே, கதவு சாத்தியிருக்கும். பிள்ளையின் கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடுவார். பிள்ளைகளே மூடினால் விரல் இடுக்கில் பார்த்துவிடுவார்களாம்.

ஒருமுறை ஒரு தாய், "பொம்பளப் புள்ளம்மா. கண்ணுல ஒட்டு போட்டுகினு போனா நாலு பேரு இன்னா சொல்வாங்க?" என்று மறுத்தார். அக்கா அவர் கையைப் பிடித்துத் தன் வலக்கண்ணின் மேல் வைத்துக்கொண்டார். "இப்ப உம் மூஞ்சி எனக்குத் தெரியலம்மா. எனக்கு யாரும் ஒட்டு போடல." ஒட்டு போட்டுப் பழகிய அந்தப் பெண் குழந்தைக்கு இப்போது இரண்டு கண்ணும் ஒன்றுபோல நன்றாகத் தெரிகிறது. குழந்தையோடு அந்தத் தாயும் இன்று வந்திருக்கிறார்.

கடைசி வருடம் அக்காவின் இதயம் தளர்ந்துவிட்டது. படி ஏற முடியாமல் போனபோதும் நாற்காலியில் உட்கார்ந்து கண் பார்த்தார். விடியற்காலையில், மாமா காபி கலக்கப் போயிருந்த நேரத்தில், அமைதியாகப் போய்விட்டார். கண்தானம் செய்யவேண்டும் என்பது அவர் முன்பே சொல்லிவைத்தது. கண் வங்கியிலிருந்து ஆட்கள் வந்தபோது எங்கள் சித்தப்பா தடுத்தார்.

"ஒண்ண எடுத்துக்கோ நைனா. பீச்சாங்கண்ணு பார்வையில்லாத கண்ணு. அத்த ஏன் நோண்டுற?"

அழுதுகொண்டிருந்த நிவேதா எழுந்து வந்தார். "தாத்தா, கண்ணுக்கு முன்னாடி கண்ணாடி மாதிரி இருக்குல்லா, அதத்தான் எடுத்து வைப்பாங்க. அது அக்காவுக்கு ரெண்டுலயும் நல்லாத்தான் இருந்துச்சு. மூளைதான் அந்தக் கண்ணப் பழக்கிக்கல. வேற ஒருத்தருக்கு வச்சா தெரியும்."

சித்தப்பா அக்காவின் முகத்தை ஒருமுறை பார்த்தார். "அப்ப ரெண்டையும் எட்து வுடுங்கப்பா" என்று சொல்லி வழிவிட்டார். யாருக்கு வைத்தார்கள் என்று சொல்வதில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மாறச் சொல்லிவிட்டு, மாறாதவருக்கு மாலை மாலையாகக் கற்றுக்கொடுத்த மேடத்துக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. படிப்புக்கு வழிகாட்டிய நண்பருக்கும், ஆன்ட்டியை அக்காவாக்கிக்கொண்ட வகுப்புப் பிள்ளைகளுக்கும், அக்கா படுத்திருந்த மாதங்களில் வேளைக்குச் சாப்பாடு கொண்டுவந்த மாங்காட்டுத் தெருக்காரர்களுக்கும், கடைசிவரை கவனித்த டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும் நன்றி. பெயர் விட்டுப்போனவர்கள் மன்னிக்கவும், மறந்ததல்ல.

ஒரு வேண்டுகோள் உண்டு. இம்மலரை உங்களுக்குக் கொடுத்த இடத்துக்கு அடுத்த அறையில் கண் சோதிக்க நிவேதா உட்கார்ந்திருக்கிறார். பந்திக்குப் போகுமுன் வீட்டுப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள். நன்றாகத்தான் பார்க்கிறான் என்று விட்டுவிடாதீர்கள். அழுகிற பிள்ளையையும் தூக்கி வாருங்கள். சாப்பாடு ஆறினால் சூடு பண்ணித் தருகிறோம்.