அமலோற்பவம் இட்லி எண்ணிய கதை

பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் எத்தனை இட்லி சாப்பிட்டார் என்று எண்ணுவதைவிடக் கேவலமான வேலை உலகத்தில் கிடையாது என்பது அமலோற்பவத்தின் கட்சி. குத்தாலம் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள். அங்கே களத்தில் நெல் அளக்கிறவர்கூட முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார், லாபம் என்றுதான் ஆரம்பிப்பார். நெல்லுக்கே அந்த மரியாதை என்றால், வாய்க்குப் போகிற சோற்றுக்குச் சொல்ல வேண்டுமா? எண்ணினால் தின்றது உடம்பில் ஒட்டாது, கண் பட்டுவிடும். பரிமாறுகிறவள் போட்டுவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவளின் இட்லியைத்தான் பதினோரு வருடமாக ஒருத்தி எண்ணிக்கொண்டிருந்தாள்.

புருஷன் ஜோஸ்வா பவர் டில்லரோடு வாய்க்காலில் கவிழ்ந்து போய்ச் சேர்ந்தபோது அமலோற்பவத்துக்கு முப்பத்தொரு வயது. பிள்ளை இல்லை. ஒரு டிரங்குப் பெட்டியோடு தம்பி கிளாட்சன் வீட்டுக்கு வந்தாள். கிளாட்சன் நல்லவன்தான். சம்பா, குறுவை, மேட்டூரில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்ற கவலை, இவற்றைத் தாண்டி அவன் தலை நிமிர்ந்ததில்லை. அவன் மனைவி பிரின்ஸி பி.காம். படித்தவள். அவள் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை.

காலையில் இட்லியை ஹாட்பாக்ஸில் எடுத்து வைத்துக்கொண்டே சொல்வாள். "அண்ணி, ஈட்டுக்குப் பதினாறு வந்துச்சு. அவருக்கு ஏழு, எனக்கு அஞ்சு, உங்களுக்கு நாலு. சரியாப் போச்சுல்ல?"

சரியாகத்தான் போயிற்று. கணக்கில் என்ன தப்பு? மாவு அரைத்தவள் அமலோற்பவம், ஊற்றியவள் அமலோற்பவம், தின்னும்போது மட்டும் அவள் பங்கு நாலு. அப்பளம் பொரித்தால் "ஆளுக்கு ரெண்டு, அண்ணி." மீன் வாங்கினால் "உங்களுக்கு வால் துண்டு எடுத்து வச்சிருக்கேன், அண்ணி." எல்லாம் தேன் ஒழுகும் குரலில். ஐந்தாவது இட்லிக்குக் கை நீண்ட நாட்களில் பிரின்ஸி ஒன்றும் சொன்னதில்லை, பார்ப்பாள். அந்தப் பார்வையில் கை தானாகத் திரும்பிவிடும். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று இருக்கும் அமலோற்பவத்துக்கு.

தெருவில் பாதிப் பேர் சிங்கப்பூரில்தான் இருந்தார்கள். முன்பு ஆண்கள் மட்டும் போனார்கள், பிறகு பெண்களும் வீட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். லீவில் வந்த ஒருத்தி சொன்னாள், அங்கே வேலைக்காரிக்குத் தனி அறை உண்டு, சமைத்து முடித்ததும் தன் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்று. அவள் கட்டியிருந்த பச்சை பெயிண்ட் அடித்த மாடி வீடு, கழுத்துச் சங்கிலி, எதுவும் அமலோற்பவத்தின் மனதில் ஏறவில்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் ஒரு தட்டு. அதற்காகத்தான் நாற்பத்திரண்டாவது வயதில், இரண்டாயிரத்து ஏழாம் வருடம், பாஸ்போர்ட் எடுத்தாள்.

ஏஜென்சி கும்பகோணத்தில் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. ஆறு வாரம் பயிற்சி. ஏறும்போதே பூச்சிமருந்து நெடி மூக்கைத் துளைக்கும். அந்த நெடியில் உட்கார்ந்துதான் பன்னிரண்டு பெண்கள் தின்பண்டங்களின் பெயரை இங்கிலீஷில் படித்தார்கள். பாடம் எடுத்தவள் அனிட்டா, இருபத்துமூன்று வயது, பி.ஏ. முடித்தவள். ஒரு கூடை நிறைய பிளாஸ்டிக் சாப்பாடு வைத்திருந்தாள். பல் பதிந்த ஆப்பிள், யார் யார் கையோ பட்டுப் பிசுபிசுத்த கோழிக்கால், ஸ்பாஞ்சில் வெட்டிய ரொட்டித் துண்டு. அந்தக் கோழிக்காலை அமலோற்பவம் இரண்டு விரலால்தான் வாங்குவாள். வகுப்பு முடிந்ததும் குழாயடியில் இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவுவாள்.

"எண்ண முடிஞ்சா ஹவ் மெனி. எண்ண முடியாட்டி ஹவ் மச். இட்லிய எண்ணலாம், முட்டைய எண்ணலாம், பிஸ்கட்ட எண்ணலாம். சோத்த எண்ண முடியாது, தண்ணி, சாம்பார், உப்பு, சர்க்கர, எதையும் எண்ண முடியாது. புரியுதா அக்கா?" என்றாள் அனிட்டா.

புரிந்தது. எண்ண முடியாதவற்றின் பட்டியல் அமலோற்பவத்துக்குப் பிடித்தும்போயிற்று. சோறும் குழம்பும் மோரும் மட்டும் தின்று காலத்தை ஓட்டினால் ஒரு பயலும் கணக்குக் கேட்க முடியாது என்று பஸ்ஸில் நினைத்துச் சிரித்துக்கொண்டாள். பிறகு, பிரின்ஸி கரண்டியை எண்ணுவாளே என்று ஞாபகம் வந்து சிரிப்பு நின்றுவிட்டது.

தொல்லை வந்தது பேச்சுப் பயிற்சியில். ஜோடி ஜோடியாக உட்கார்ந்து ஒருவரையொருவர் கேட்க வேண்டும். அவளுக்கு ஜோடி திருவாரூர் ஈஸ்வரி. ஈஸ்வரி கேட்டுவிட்டாள்: "ஹவ் மெனி இட்லீஸ் டிட் யூ ஈட்?" அமலோற்பவம் பதில் சொன்னாள். தான் கேட்கிற முறை வந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கேளுங்கக்கா," என்றாள் அனிட்டா.

"ஒரு பொம்பளயப் பாத்து எத்தன தின்னேன்னு எப்புடி கேக்குறது? அசிங்கமா இல்ல?"

வகுப்பே சிரித்தது. "பாடந்தானக்கா, நெசமாவா கேக்குறீங்க? சும்மா கேளுங்க, நான் ஒம்போதுன்னு சொல்றேன்," என்றாள் ஈஸ்வரி.

அமலோற்பவம் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். முதல் தடவை நாக்கு கூசியது. மூன்றாவது வாரத்தில் கூச்சம் போய்விட்டது. ஐந்தாவது வாரத்தில் வகுப்பிலேயே தப்பில்லாமல் கேட்கிறவள் அவள்தான்.

அப்போதுதான் நேர்முகம் வந்தது. கம்ப்யூட்டர் திரையில் சிங்கப்பூர் மேடம். காதில் தோடு மின்ன, பின்னால் வெள்ளைவெளேரென்று ஒரு சமையலறை. மேடத்துக்கு மாமியார் ஒருத்தி, எண்பது வயது, வாதம் வந்து படுக்கையில். அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள். சமையல் தெரியுமா, அயர்ன் பண்ணுவாயா என்ற கேள்விகளெல்லாம் சட்டென்று முடிந்தன. பிறகு மேடம் நிதானமாக இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போனாள். காலையில் இரண்டு பிஸ்கட். மத்தியானம் அரைக் கிண்ணம் கஞ்சி. சாயங்காலம் ஒரு துண்டு ரொட்டி. ஆறு மணிக்கு மேல் தண்ணீர் கூடாது. கிழவி எப்போதும் பசி பசி என்பாள், காதில் வாங்காதே. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். அறையில் கேமரா இருக்கிறது.

"நிறைய சாப்பிட்டா நிறைய போவா. துடைக்கிறது யாரு? நீதானே? உனக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்று இங்கிலீஷிலேயே சொல்லிச் சிரித்தாள் மேடம்.

முழுசாக ஒரு இங்கிலீஷ் பேச்சு, நடுவில் ஒரு சொல்கூட விட்டுப்போகாமல், அமலோற்பவத்துக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். ஐந்து வாரம் பஸ் ஏறி இறங்கிப் படித்த படிப்பு இந்தக் கண்றாவியைக் கேட்கத்தானா? கம்ப்யூட்டருக்குப் பின்னால், மேடத்தின் கண்ணில் படாமல் நின்ற அனிட்டா, சொல்லுங்க சொல்லுங்க என்று கையைக் கையைக் காட்டினாள். வேண்டாம் என்று எழுந்துவிடலாம். எழுந்தால் திரும்பிப் போக வேண்டியது எங்கே? ஏழு, ஐந்து, நாலு.

"எஸ் மேடம்," என்றாள் அமலோற்பவம். "டூ பிஸ்கட்ஸ் ஒன்லி, மேடம்."

மேடம் முகம் மலர்ந்தது. அனிட்டா கைதட்டினாள். ஏஜென்சிக்காரர் கீழே ஆள் அனுப்பி எல்லோருக்கும் காராபூந்தி வாங்கி வரச் சொன்னார். அமலோற்பவம் அதைத் தொடவில்லை.

மறுநாள் மேடத்திடமிருந்து அந்தத் தாளின் மாதிரி வந்தது. கட்டம் கட்டமாக, காலை, பகல், மாலை, எத்தனை, எவ்வளவு. புறப்படுவதற்குள் ஒரு வாரம் பழகி, எழுதிய தாளை அனுப்பிக் காட்ட வேண்டும். மேடம் பார்த்துச் சரி என்றால்தான் டிக்கெட்.

"வீட்டுல யாராச்சும் ஒருத்தரப் பாத்து எழுதிட்டு வாங்கக்கா. மனசுல தோணுனத எழுதாதீங்க, பாத்து எழுதுங்க," என்று தாள்களைக் கையில் கொடுத்தாள் அனிட்டா.

யாரை என்று யோசிக்க அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

முதல் நாள் பிரின்ஸியை எழுதினாள். தட்டில் நாலு இட்லி. ஐந்தாவதைப் புருஷன் தட்டில் தள்ளிவிட்டாள், அதையும் குறித்துக்கொண்டாள். பதினொரு மணிக்கு அடுப்படியில் நின்றபடி ஒரு கிண்ணம் பழைய சோறு, ஊறுகாய். மூன்று மணிக்குத் தேங்காய்ச் சில்லும் வெல்லமும், அலமாரிக் கதவை மறைத்துக்கொண்டு. ஓகோ, ஆளுக்கு ரெண்டு என்று சொன்ன வாய் இதுதானா என்று அமலோற்பவத்துக்கு உள்ளே இனித்தது. அந்த இனிப்பு நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஜன்னல் வழியாகப் பார்த்தாள், துணி மடிக்கிற சாக்கில் பார்த்தாள். எழுதினாள்.

இரண்டாவது நாள் இனிப்பு குறைந்தது. இத்தனை வருடத்தில் அவள் அடுத்தவர் தட்டைக் கண் கொண்டு பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தால் எல்லாம் தெரிந்தது. கடைவாயில் ஒட்டிய பருக்கை, விரலிடுக்கில் வழிந்த சாம்பாரை நக்கும் நாக்கு, மெல்லும்போது தாடைக்குக் கீழே ஏறி இறங்கும் தசை. பிறகுதான் உறைத்தது, உற்றுப் பார்த்தால் யார் தின்பதும் இப்படித்தான் இருக்கும் என்று. தான் தின்றதும் இப்படித்தான் இருந்திருக்கும், பதினோரு வருடம். அன்றைக்கு அவளுக்கே சோறு இறங்கவில்லை.

மூன்றாவது நாள் பார்க்காமல் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தாள். கண் கேட்கவில்லை. பிரின்ஸி தட்டில் கை வைக்கும் முன்பே இவள் உதடு ஒன், டூ என்று ஆரம்பித்துவிட்டது.

நாலாவது நாள் காலை கிளாட்சன் முறைத் தண்ணீர் பாய்ச்ச வயலுக்குப் போய்விட்டான். பெண்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிரின்ஸி மூன்று இட்லி முடித்து ஹாட்பாக்ஸுக்குள் கையை விட்டாள். எதற்கோ நிமிர்ந்தாள். அமலோற்பவம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை அப்படியே நின்றது. பிறகு காலியாக வெளியே வந்தது.

"என்ன அண்ணி, நாலு நாளா இப்படிப் பாக்குறீங்க?" குரலில் தேன் இல்லை. பயந்த பிள்ளையின் குரல் போல இருந்தது.

"ஒண்ணுமில்ல. நீ சாப்பிடு."

"போதும் அண்ணி. வயிறு ஒரு மாதிரியா இருக்கு."

இந்தப் பொய் அமலோற்பவத்துக்குப் புதிதல்ல. தானே எத்தனை தரம் சொல்லியிருப்பாள்! பிரின்ஸியைப் பழிவாங்கியதாகச் சந்தோஷம் வரவில்லை. தன் மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. சிங்கப்பூரில் ஒரு கிழவி, மூன்றாவது பிஸ்கட்டுக்குக் கையை நீட்டிவிட்டு, தன் முகத்தைப் பார்த்துப் பார்த்து இழுத்துக்கொள்ளப் போகிறாள். தினமும். கட்டம் கட்டமாக.

ஹாட்பாக்ஸைத் திறந்து ஒரு இட்லியை எடுத்துப் பிரின்ஸியின் தட்டில் வைத்தாள். "தின்னு பிரின்ஸி, நான் பாக்கல," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். பின்னால் மெல்லுகிற சத்தம் கேட்கவில்லை. பிரின்ஸி எழுந்து போய்க் கை கழுவினாள்.

அமலோற்பவம் திரும்பிப் பார்த்தாள். தட்டில் இட்லி, விரல்கூடப் படாமல், விளிம்பு காய்ந்து கிடந்தது. கும்பகோணம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தாளை எடுத்தாள். எழுதாமல் போனால் டிக்கெட் இல்லை. காலைக்கான கட்டத்தில் மூன்று என்று எழுதினாள்.