ஒற்றைக்கால் கோழி முத்திரை

ஏலக் கூடத்தின் பின்னறையில் பழைய கடிகாரங்களைப் பதினோரு வருடம் துடைத்தவள் அவள். ஏலத்துக்கு வரும் ஒவ்வொன்றையும் திறந்து, பெண்டுலத்தைக் கழற்றி, பித்தளைப் பின்தகட்டில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைப் பிரஷால் எடுக்க வேண்டும். எல்லோருக்கும் அவள் “லென்ஸ் அக்கா”. கண்ணில் செருகிய லென்ஸை எடுக்க மறந்து அப்படியே சாப்பிட உட்கார்ந்துவிடுவாள்.

பிசுக்கு போனதும் தகட்டில் முத்திரை தெரியும். மிளகு அளவுதான். நங்கூரம், குறுக்காக வைத்த இரண்டு அம்பு, கிரீடம் வைத்த ஆந்தை. விற்ற கடைக்காரன்கூட முகப்பில் தன் பெயரைப் போட்டுக்கொள்வான். செய்தது யார் என்பது பின்தகட்டில்தான் இருக்கும். அவள் ஒவ்வொன்றையும் கோடு போட்ட நோட்டில் வரைந்தாள். எந்தப் பட்டறை, எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்று விடுமுறை நாட்களில் நூலகத்தில் உட்கார்ந்து தேடி, கடிதம் போட்டுக் கேட்டு, பக்கத்திலேயே எழுதினாள். நானூற்றுப் பன்னிரண்டு முத்திரைகள்.

கூடத்தில் எந்தக் கடிகாரம் அசல் என்று சான்றிதழ் எழுதுகிறவரை “டாக்டர்” என்பார்கள். வெள்ளைக் கோட்டால் வந்த பெயர். பட்டமும் கிடையாது, ஊசி போடவும் தெரியாது. ஒருநாள் வந்து நின்றார்.

“அந்த நோட்டை ரெண்டு நாள் குடும்மா. ஒரு சந்தேகம், பாத்துட்டுத் தர்றேன்.”

நோட்டு நான்கு மாதம் கழித்து வந்தது. அடுத்த மாதம் அவர் பெயரில் புத்தகம் வந்தது. எல்லாம் அவள் வரைந்த படங்கள். ஆந்தையின் இடது காதில் அவள் பேனா கசிந்த பொட்டுகூட அப்படியே அச்சாகியிருந்தது. நன்றி சொன்ன பக்கத்தில் அவர் வீட்டுப் பூனைக்கு இடம் இருந்தது, அவளுக்கு இல்லை.

முதலாளியிடம் போனாள். “நீங்க துடைக்கிற செக்‌ஷன்தானேம்மா?” என்றார் அவர். அதோடு பேச்சு முடிந்தது.

கணவன் கப்பல் வேலையில் வருடத்துக்குப் பத்து மாதம் கடலில் இருப்பான். வீட்டில் அவளும் நாத்தனாரும்தான். நாத்தனாருக்குத் தபால் ஆபீசில் கவுண்டர் வேலை.

“அழுது முடிச்சிட்டீங்களா, அண்ணி?”

“அழலடி, யோசிக்கிறேன். அந்த ஆளு என்கிட்டேர்ந்து இன்னும் ஒண்ணு திருடணும். அதை நானே எடுத்து வைக்கணும்.”

ஞாயிறன்று உட்கார்ந்து, புது நோட்டு ஒன்றில் உலகத்தில் எங்கும் இல்லாத ஒரு முத்திரையை வரைந்தாள். ஒற்றைக்காலில் நிற்கும் கோழி, காலடியில் மூன்று புள்ளி. பக்கத்தில் ஒரு கதை: மூன்று சகோதரர்கள், ஒரே பட்டறை, தீ விபத்து, தப்பியவை ஒன்பதே கடிகாரங்கள். இந்தக் கோழியும் கதையும் நான் கற்பனை செய்தவை என்று ஒரு தாளில் எழுதி, படத்தின் நகலோடு உறையில் போட்டு ஒட்டி, தன் பெயருக்கே பதிவுத் தபாலில் அனுப்பினாள். தேதி முத்திரையை நாத்தனாரே குத்தினாள். குத்திய வேகத்தில் கவுண்டர் ஆடிப்போனது. அந்தத் தேதிதான் சாட்சி என்பதால், வந்த உறையைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

பிறகு அந்தப் புது நோட்டைப் பின்னறை மேசைமேல் மறந்ததுபோல விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலையில் நோட்டு தலைகீழாகக் கிடந்தது. பல வாரங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

ஏழு மாதத்தில் இரண்டாம் பதிப்பு வந்தது. கோழிக்கு முழுப் பக்கம், ‘என் இருபதாண்டுத் தேடலில் கண்டது’ என்ற வரியோடு.

“உறையைப் பிரிச்சிடலாமா?” என்று நாத்தனார் பறந்தாள்.

“இப்பப் பிரிச்சா அச்சுப் பிழைன்னு தப்பிச்சிடுவான். நாலு பேர் நடுவுல வச்சுத்தான் பிரிக்கணும்.”

அந்தக் காத்திருப்பில்தான் தவறு நடந்தது. புத்தகத்தைப் படித்த எவனோ ஒரு பழைய கடிகாரத்தில் கோழி முத்திரையைக் குத்தி ஏலத்துக்கு அனுப்பினான். கோழியே கற்பனை என்று அறியாதவர்கூட லென்ஸை வைத்தால் கண்டுபிடித்திருப்பார். நூறு வருடம் துடைபட்ட முத்திரையின் ஓரம் மழுங்கியிருக்கும். இது நகத்தைக் கீறியது. டாக்டர் லென்ஸைத் தொடவே இல்லை. கோழியைப் பார்த்த பூரிப்பில் கையெழுத்துப் போட்டார்.

வாங்கியவர் ஓய்வுபெற்ற மருத்துவச்சி. கடிகாரத்தை எடுத்துப்போகப் பின்னறைக்கே வந்தார்.

“முப்பத்தெட்டு வருஷம் ஊர்ல பிறந்த குழந்தைக்கெல்லாம் மணி பாத்துச் சொன்னேம்மா. இது எனக்கே எனக்குன்னு வாங்கினது. நல்லாத் துடைச்சுக் குடு.”

உண்மையைச் சொல்லிவிட்டால் டாக்டர் உஷாராகிவிடுவார். உறையைப் பிரிக்க அவள் குறித்து வைத்திருந்த பெரிய ஏலத்துக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. துடைத்து, துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

பெரிய ஏலத்தில் கோழி குத்திய இரண்டாவது கடிகாரம் மேடையேறியது. கூடம் நிறைந்திருந்தது, முன்வரிசையில் பத்திரிகைக்காரர்கள். டாக்டர் மூன்று சகோதரர்களின் கதையை உருக்கமாகச் சொன்னார். தீப்பிடித்த இடத்தில் குரல்கூடத் தழுதழுத்தது. ஏப்ரனோடு அவள் எழுந்தாள்.

“அந்தக் கோழி என்னோடது சார்.”

“உட்காரும்மா. துடைக்கிறவங்களுக்கு இங்க என்ன வேலை?”

அவள் உறையை முன்வரிசைக்காரர் ஒருவர் கையில் கொடுத்தாள். அவர் தேதி முத்திரையைப் பார்த்தார், பிரித்தார், சத்தமாகப் படித்தார். பிறகு பின்னால் எவரோ சிரித்தார். அது வரிசை வரிசையாகப் பரவியது.

டாக்டரின் முகம் வெளுத்தது. “என்னை ஏமாத்திட்டே நீ!”

“நான் என் நோட்டுல கோழி வரைஞ்சேன். உங்களை யாரு எட்டிப் பாக்கச் சொன்னா?”

புத்தகம் கடைகளிலிருந்து திரும்பியது. அவர் தெருவில் போனால் பின்னாலிருந்து கொக்கரிக்கும் சத்தம் கேட்டது. மூன்றே வாரத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார். அந்தச் சேதியை நாத்தனாரை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

முதலாளி டாக்டரின் நாற்காலியை அவளுக்கே கொடுத்தார். அதில் உட்கார்ந்த முதல் வாரம் மருத்துவச்சி கடிகாரத்தோடு வந்தார்.

“எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?”

பொய் சொல்லியிருக்கலாம். “நீங்க வாங்கின அன்னைக்கே தெரியும்மா.”

“அந்த டாக்டர் தெரியாம கையெழுத்துப் போட்டான். நீ தெரிஞ்சே துடைச்சுக் குடுத்தே.” கடிகாரத்தை மேசையில் வைத்தார். “நிஜமா இது யாரு செஞ்சதுன்னு எழுதிக் குடு. கொடுத்த காசை உங்க முதலாளி திருப்பித் தரேங்கிறாரு, அது போகட்டும்.”

அவள் தகட்டைப் பிரித்தாள். கோழிக்கு அடியில் அரம் போட்டு அழித்த தடம். விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது அசல் முத்திரையின் பாதிச் சக்கரம் தெரிந்தது. சாதாரணத் தொழிற்சாலைக் கடிகாரம், ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டது. ஆனால் நன்றாக ஓடும். அதை அப்படியே எழுதி, கையெழுத்திட்டு, கடிகாரத்தைத் தானே சுமந்து மருத்துவச்சி வீட்டுக்குப் போனாள். அவர் வாசலிலேயே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

“அந்த ஆளை நினைச்சு மனசு கஷ்டமா இருக்கா, அண்ணி?” என்று நாத்தனார் கேட்டாள்.

“அவனுக்காகவா? இன்னொரு தடவைன்னாலும் இதையேதான் செய்வேன். ஆனா அந்த அம்மாகிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கணும்.”

வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் விட அந்த வீட்டுக்குப் போகிறாள். முதல் வருடம் நின்றுகொண்டே வேலையை முடித்தாள், இரண்டாம் வருடமும் அப்படித்தான். மூன்றாம் வருடம் மருத்துவச்சி அவள் உட்கார ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.