தண்ணிக்குக் கழித்த இரண்டு றாத்தல்

போன வாரம் கொழும்பு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஐயா என் மகளின் கார்டைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"பிள்ளைக்கு ஏன் எடை குறைஞ்சது?"

பிள்ளையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

கமலாவுக்கு ஆறு மாதமானபோது ஆபரேஷன் நடந்தது. பிறந்ததும் மூட வேண்டிய இரத்தக் குழாய் ஒன்று மூடவில்லை. இருதயத்துக்குப் பக்கத்தில். அதைக் கட்டிவிட்டார்கள். பிழைத்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு கார்டு கொடுத்தார்கள். மாதம் ஒரு தரம் நிறுத்து, எத்தனை றாத்தல் எடை என்று எழுத வேண்டும். இருதயம் ஒழுங்காக ஓடினால் பிள்ளைக்கு எடை ஏறுமாம்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தராசு ஏது? பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை, கொழுந்து மடுவத்தில் தொங்குகிறதே, அதுதான். மாதக் கடைசியில் கொழுந்து நிறுத்து முடிந்ததும், சேலைத் துண்டில் தூளி கட்டிக் கமலாவைக் கொக்கியில் மாட்டுவேன். கணக்கப்பிள்ளை எடையைச் சொல்வார். அவரே கார்டில் எழுதுவார். முள்ளை நாங்கள் பார்ப்பதில்லை. அவர் சொல்வதுதான் எடை... கொழுந்துக்கும் சரி, பிள்ளைக்கும் சரி.

ஏப்ரலில் பதினேழு றாத்தல். மே மாதம் பதினைந்தரை. ஜூனில் பதினாறு. ஜூலையில் பதினாறரை.

"கட்டின இடம் இளகியிருந்தா திரும்பவும் திறக்க வேண்டி வரும், அம்மா" என்றார் டாக்டர் ஐயா.

திரும்பவுமா? அந்தச் சின்ன நெஞ்சையா?

கமலாவைப் படுக்க வைத்துக் கை காலில் வயர் மாட்டினார்கள். மெஷின் நீளக் காகிதத்தில் கோடு கிழித்தது. டாக்டர் ஐயா குழாய் வைத்து நெஞ்சைக் கேட்டார். முதுகைக் கேட்டார். மறுபடி நெஞ்சை. கமலா அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கினாள்.

"இருதயம் நல்லா இருக்கு. பழைய இரைச்சலே இல்ல. அப்ப ஏன்...?"

ஆஸ்பத்திரித் தராசில் வைத்தார்கள். பதினெட்டரை!

"அங்க யார் நிறுக்கிறது?"

"கணக்கப்பிள்ளைங்க. கொழுந்து மடுவத்துல."

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. மே மாதம்தானே எங்கள் பக்கம் மழை பிடித்தது?

"மழை நாள்ல, தண்ணிக்குன்னு கூடைக்கு ரெண்டு றாத்தல் கழிப்பாங்க, ஐயா."

"பிள்ளைக்குமா?"

"கைப் பழக்கங்க."

அவர் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்தாள். கார்டை அவரே திருத்தினார். பெரியவளாகும் வரை வருஷா வருஷம் இருதயத்தைக் காட்ட வரச் சொன்னார். ஹட்டனில் ரயில் இருக்கிறது. போவேன்.

மறுநாள் சாயந்தரம் மடுவத்துக்குப் போனேன். நல்ல மழை.

"என்னங்கய்யா, எம்புள்ள என்ன கொழுந்தா? தண்ணிக்குக் கழிச்சிருக்கீங்களே!"

கணக்கப்பிள்ளை பென்சிலால் தலையைச் சொறிந்தார். "கை தன்னால கழிச்சிருச்சு, புள்ள..."

வரிசையில் நின்ற செல்லம்மா அக்கா விடவில்லை. "அப்ப எங்க கூடையவும் கொழும்பு ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டுப் போகணும்!"

மடுவமே சிரித்தது. அவரும் சிரித்தார் — வேறு வழி?

பழக்கம் அப்படித்தான். கழிக்கிறவருக்கும் தெரிவதில்லை, கொடுக்கிறவருக்கும் தெரிவதில்லை.

கமலாவைக் கொக்கியில் மாட்டினேன். இந்த முறை முள்ளைப் பார்த்தேன். பின்னால் அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். பதினெட்டரை. அப்படியே எழுதினார்.

கொட்டுகிற மழையில் எங்கள் மடுவத்தில் முழு எடை வாங்கிய முதல் ஆள், என் மகள்!