அது லண்டன் இல்லை

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. தலைத் திவசத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு நினைவு மலர் போட வேண்டும் என்று அவருடைய மகன் செல்வம் சொன்னான். அவனுக்கு நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, மூச்சுவிட நேரம் கிடையாது. "அத்த, நாலு பக்கம் நீயே எழுதிக் குடுத்துடு. அப்பாவப் பத்தி உன்ன வுட்டா யாருக்குத் தெரியும்?" என்றான். எனக்கு அறுபத்தேழு வயது. முட்டி வலி, ஒரு கண்ணில் புரை. ஓய்ந்துபோய்த்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று இந்த இடத்தில் எழுதுவார்கள். நான் அப்படி எழுத முடியாது. நான் செய்த ஒரு பெரிய பிழையைச் சொல்வதற்காகவே இதை எழுத ஒப்புக்கொண்டேன்.

முதலில் எல்லாருக்கும் ஒரு விஷயம். அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு அடித்த அட்டையில் "லண்டன் மாநகரில் பயின்றவர்" என்று போட்டிருந்தீர்கள். அண்ணன் லண்டனில் பயிலவில்லை. கப்பலிலிருந்து இறங்கி ரயில் மாறுவதற்காக அந்த ஊரில் அரை நாள் இருந்தார், அவ்வளவுதான். அவர் மூன்று வருடம் இருந்த ஊரின் பெயர் ஹெக்ஸ்பி. அதுவும் இங்கிலாந்துதான், ஆனால் லண்டனிலிருந்து வெகு தூரம்.

அண்ணன் பிறந்தது மதுராந்தகம் ஏரித் தண்ணீர் பாயும் ஒரு சிற்றூரில். வீட்டில் அவர் மூத்தவர், நான் கடைசி. எங்கள் ஊரில் பள்ளி இறுதி வகுப்பு முடித்த முதல் ஆள் அவர். சென்னையில் ஆயில் எஞ்சின் விற்கும் கம்பெனியில் மெக்கானிக்காகச் சேர்ந்தார். கிணற்றுக்குப் பக்கத்தில் டுபுடுபு என்று புகைவிட்டு ஓடுமே, அந்த எஞ்சின்தான். அதைச் செய்கிற தொழிற்சாலை ஹெக்ஸ்பியில் இருந்தது. அங்கே போய் வேலை கற்று வரும்படி கம்பெனி அவரை அனுப்பியது. ஐம்பதுகளின் நடுவில் கப்பலேறினார். எங்கள் நைனா ஊர் முழுக்க, "எம் புள்ள லண்டன் போறான்" என்று சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்கு ஆரம்பித்தது இது. திரும்பி வந்தபோது "லண்டன்காரர்". அவருடைய கல்யாணப் பத்திரிகையில் "லண்டன் ரிட்டர்ன்டு". வயதான பிறகு பேரப்பிள்ளைகளுக்கு "லண்டன் தாத்தா". "அது லண்டன் இல்ல" என்று அண்ணன் ஐம்பது வருடம் சொன்னார். காதில் வாங்கியவர் யார்? நான் வாங்கவில்லை.

அந்த ஊரைப் பற்றி அண்ணன் சொல்லச் சொல்ல, எனக்கு அதன் தெருக்கள்கூடப் பழகிவிட்டன. காலையில் தொழிற்சாலைச் சங்கு ஊதினால் ஊரே சைக்கிளில் கிளம்பும். மழை தூறிக்கொண்டே இருக்கும், யாரும் குடை பிடிக்க மாட்டார்கள். வீடெல்லாம் கரிப்புகை படிந்த செங்கல். ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் காலையில் மண்டிபோட்டு, ஒரு கல்லை வைத்து வாசற்படியைத் தேய்த்து வெள்ளையாக்குவாள். அண்ணனுக்குத் தங்க இடம் தேடியபோது நாலு வீட்டில் முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டார்கள். ஐந்தாவது வீட்டில் ஒரு விதவையம்மா உள்ளே கூப்பிட்டார். சின்னப் பெண் ஒருத்தி, மார்கரெட் என்று பெயர், அம்மாவின் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாளாம்.

முதல் பொங்கல் வந்தது. அண்ணனுக்கு ஊர் ஞாபகம் தாங்கவில்லை. விடிவதற்குள் எழுந்து, சமையலறையில் கொஞ்சம் கோதுமை மாவை எடுத்துக்கொண்டு போய், அந்த வெள்ளைப் படியில் கோலம் போட்டாராம். எங்கள் அண்ணனுக்குக் கோலமா! நாலு புள்ளி வைத்தால் ஐந்து பக்கம் இழுத்துக்கொண்டு போகும். வீட்டுக்கார அம்மா தேய்க்கிற கல்லோடு வந்து பார்த்தார். அன்றைக்கு அவர் படியைத் தேய்க்கவில்லை. வீட்டிலிருந்த எல்லாரையும் பின்வாசல் வழியாகப் போய் வரச் சொன்னார். எதிர்வீட்டுப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சாயங்கால மழையில் அது கரைந்தது.

இதை நூறு தடவை சொல்லியிருப்பார். நம் சொந்தக்காரர்கள் அவரிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "ராணிய பாத்தியா?"

திரும்பி வந்தபின் அண்ணன் பட்டது கொஞ்சமல்ல. மின்சார மோட்டார் வந்ததும் ஆயில் எஞ்சினுக்கு வேலை குறைந்தது. செங்கல்பட்டில் சொந்தமாகப் பட்டறை வைத்தார். செல்வத்துக்குப் பதினொரு வயதில் அண்ணி போய்ச் சேர்ந்தார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, பள்ளிக்கூடத்து வாத்தியார் வேலை. அதனால் யார் வீட்டில் முடியவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவீர்கள். அப்படித்தான் அண்ணன் வீட்டுக்கு வந்தேன், இருந்துவிட்டேன். ஒன்று சொல்ல வேண்டும். அந்த வீட்டில் தான் சாப்பிட்ட தட்டை அண்ணனே கழுவுவார். காய்ந்த துணியை எடுத்து, மடித்து, அவரவர் அலமாரியில் அடுக்குவதும் அவர்தான். ஹெக்ஸ்பியில் பழகியதாம். "இன்னாய்யா, பொம்பள மாதிரி" என்று கேலி செய்தவர்கள் இந்த மலரை வாங்கப் போகிறவர்களிலும் உண்டு. மதுராந்தகம் பஸ் ஸ்டாண்டில் அண்ணன் வரிசையில் நிற்பார். வரிசை என்றால் அவர் ஒருவர்தான். பஸ் வரும், கூட்டம் ஏறும், போய்விடும், அண்ணன் நின்றுகொண்டே இருப்பார். பக்கத்தில் நிற்கிற எனக்கு மானம் போகும்.

தொண்ணூறுகளில் ஒருமுறை குடும்பத்தோடு மாமல்லபுரம் போனோம். கடற்கரைக் கோயில் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் சித்தப்பா மகன் ஏழுமலை, அண்ணன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். "வா அண்ணாத்த, உங்க ஊர்க்காரன் குந்திகினு கீறான். பேசு, பேசு!" அண்ணன் கூச்சத்தோடு நாலு வார்த்தை பேசினார். எந்த ஊரில் இருந்தீர்கள் என்று அவர் கேட்க, ஹெக்ஸ்பி என்றார் அண்ணன். அந்த மனிதர் எழுந்து நின்றுவிட்டார். அவருடைய மாமனார் ஊருக்கு ரயிலில் போகும்போது அந்த ஸ்டேஷன் வருமாம். அவ்வளவுதான், அதற்குமேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் அண்ணன் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். "இன்னா அண்ணாத்த, ராணி நல்லாகீதாமா?" என்றான் ஏழுமலை. எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

அதற்குச் சில வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தது. ஹெக்ஸ்பியிலிருந்து மார்கரெட். எட்டிப் பார்த்த சின்னப் பெண்ணுக்கும் தலை நரைத்திருக்கும் வயது. அவர்கள் தெருவையே இடித்து அகலமான சாலை போட்டுவிட்டார்களாம். அங்கே வாழ்ந்தவர்களின் நினைவுகளைத் திரட்டி ஒரு புத்தகம் போடுகிறார்கள், கிறிஸ்துமஸுக்குள் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். "எங்கள் படியில் நீங்கள் மாவில் வரைந்தது எனக்கு நினைவிருக்கிறது. அம்மா அதை மிதிக்க விடவில்லை" என்று எழுதியிருந்தார்.

அண்ணன் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். "அந்தத் தெருவே இல்லியாம், பாப்பா. நான் எழுதலன்னா போச்சு." எனக்கு அறுபது கடந்தும் அவருக்கு நான் பாப்பாதான். ஒரு மாதம் உட்கார்ந்து எழுதினார். கை நடுங்கியதால் எழுத்து கோணலாக இருந்தது. அதை ஆங்கிலத்தில் பன்னிரண்டு பக்கமாக நல்ல பிரதி எடுத்தது நான். கதவைச் சாத்திய நாலு வீட்டைப் பற்றியும் எழுதியிருந்தார். "இது எதுக்குண்ணா, அவங்க மனசு நோவப் போவுது" என்றேன். "நடந்தது நடந்துதுதானே? அதயும் போடு, கோலத்தயும் போடு" என்றார்.

கவரில் முகவரி எழுதியதும் நான்தான். வீட்டு எண், தெரு, ஹெக்ஸ்பி. அதன் கீழே, கொஞ்சம்கூட யோசிக்காமல், லண்டன் என்று எழுதினேன். மார்கரெட்டின் கடிதத்தில் முகவரியின் கடைசியில் எழுத்தும் எண்ணும் கலந்து ஏதோ இருந்தது. ஆபீஸ் ஃபைல் நம்பர் என்று நினைத்து விட்டுவிட்டேன். அதுதான் அந்த நாட்டுப் பின்கோடாம். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக் கொடுத்தவள் நான். சுவரில் உலகப் படத்தை மாட்டி, குச்சியால் தொட்டுக் காட்டியவள்!

அடுத்த மாதமே அண்ணனுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மருந்து, எல்லாம் நான். நாலு மாதம் கழித்து, அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது, தபால்காரர் அந்தக் கவரைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். இப்படி ஒரு முகவரி இல்லை என்று முத்திரை. கிறிஸ்துமஸ் எப்போதோ போயிருந்தது. மனசு நோகும்படி எதுவும் சொல்லாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். உண்மை என்னவென்றால், நான் களைத்துப்போயிருந்தேன், பயமும் இருந்தது. கவரை என் அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன்.

தினமும் கேட்பார். வாய் குழறும், ஆனாலும் கேட்பார். "பாப்பா, லெட்டர் வந்துதா? பொஸ்தகம் வந்துதா?"

"வரும்ணா. அவ்ளோ தூரத்துலேர்ந்து வரணுமில்ல?"

மெல்ல மெல்ல எழுந்து நடந்தார். இடது கையால் தானே சாப்பிட்டார், துணிகூட மடிக்க ஆரம்பித்தார். பிறகு ஒரு நாள் லெட்டரைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். மறந்துவிட்டார், நோயில் ஞாபகம் போய்விட்டது என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்பாடா என்று இருந்தது. அதன்பின் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தார். என்மேல் ஒரு முகச்சுளிப்புக் கிடையாது. காலைக் காப்பியைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே, யாருக்கும் சிரமம் கொடுக்காமல் போனார்.

இந்தக் கட்டுரைக்காகப் போன வாரம் அந்தப் பன்னிரண்டு பக்கத்தை எடுக்க அலமாரியைத் திறந்தேன். கவர் புடவைக்கு அடியில், நான் வைத்த இடத்திலேயே இருந்தது. லண்டன் என்ற சொல்மேல் பென்சிலால் ஒரு கோடு. நடுக்கமான, இடது கைக் கோடு. அதன் கீழே அந்த எழுத்தும் எண்ணும், ஒவ்வொன்றாக, அழுத்தி அழுத்தி எழுதியிருந்தது. வீட்டில் துணி மடித்து அலமாரியில் அடுக்குகிறவர் யார் என்பதை, ஒளித்து வைத்த அன்றைக்கு நான் நினைக்கவே இல்லை. அவர் பார்த்திருக்கிறார். திருத்தியிருக்கிறார். என்னை ஒரு வார்த்தை கேட்காமல், திரும்பவும் அங்கேயே வைத்துவிட்டார். ஒருநாள் நானே எடுத்து அனுப்புவேன் என்று இருந்திருப்பார். நான் அந்தப் பக்கமே போகவில்லை. அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து நான் அழுதது செல்வத்துக்குக்கூடத் தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வான்.

அண்ணனின் கடைசிக் காலத்தில் துணை நின்றவர்களுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கூப்பிட்ட நேரத்துக்கு வந்த டாக்டருக்கும், தினமும் வீட்டுக்கு வந்து கைகால் பிடித்துவிட்ட அம்மாவுக்கும், அணுபுரத்திலிருந்து ஞாயிறு தவறாமல் பஸ் பிடித்து வந்து அவரோடு பேசிக்கொண்டிருந்த பழைய பட்டறைக் கூட்டாளிக்கும், இறுதி ஊர்வலத்தில் தோள் கொடுத்த ஏழுமலைக்கும் நன்றி. அந்த வெள்ளைப் படியைத் தேய்க்காமல் விட்ட, நான் பார்த்திராத அந்த அம்மாவுக்கும் நன்றி.

நேற்று செங்கல்பட்டு தபாலாபீசுக்குப் போனேன். மார்கரெட் இருக்கிறாரோ இல்லையோ, தெரியாது. கவரைக் கவுன்டரில் நீட்டினேன். அங்கே உட்கார்ந்திருந்த பையன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இன்னாம்மா, பழைய முத்திரை, பென்சில்ல அடிச்சி எழுதிகீது? புதுக் கவர் ஒண்ணு வாங்கி நீட்டா எழுதிக் குடுங்களேன்" என்றான்.

"வேணாம்பா" என்றேன். "இப்பதான் அட்ரஸ் சரியா இருக்குது. அப்படியே போவட்டும்."